அக்காவுக்கு எதற்குப் பொட்டு?

இந்த நினைவு மலரின் மற்ற பக்கங்களில் உறவினர்களும் நண்பர்களுமாகிய நீங்கள் அக்காவைத் தியாகச் சுடர் என்றும் ஏழைகளின் தெய்வம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அன்புக்கு நன்றி. அக்கா படித்திருந்தால், "தெய்வம்னா கோயில் கட்டணுமேடா, யாரு கட்டறது?" என்று கேட்டுச் சிரித்திருப்பார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுத வேண்டியது உடன்பிறந்தவனான என் கடமை. எழுதுகிறேன். ஆனால் குறிப்போடு சேர்த்து ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன். அதில் உங்களில் சிலருக்கும் பங்கு உண்டு. வருத்தப்படாதீர்கள், பெரும்பங்கு என்னுடையதுதான்.

அக்கா பிறந்தது நசரத்பேட்டையில். நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் நிலம் போனது. அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காவுக்கு நர்ஸ் படிக்க ஆசை. நைட் டியூட்டி வரும் என்று வீட்டில் மறுத்துவிட்டார்கள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்தார். அப்போது எனக்குப் பத்து வயது. ஊசி குத்திப் பழக வீட்டில் ஆள் வேண்டுமே, என் இடது கை அதற்குத்தான் பயன்பட்டது. "அசையாதடா, அசஞ்சா இன்னொரு தபா குத்துவேன்" என்று மிரட்டுவார். குத்தி முடித்ததும் ஒரு கடலை மிட்டாய் கிடைக்கும். இரண்டு மிட்டாய்க்காக நானே இரண்டாவது முறை கையை நீட்டியதும் உண்டு.

படிப்பு முடிந்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபில் வேலை பார்த்தார். பிறகு திருவேற்காட்டில் திருமணம். மாமா அம்பத்தூரில் லேத் வேலை. தங்கமான மனிதர், அக்காவைக் கிண்டல் செய்யாமல் ஒரு வாய் காபி குடிக்கமாட்டார். மூன்றாவது ஆண்டு சாலை விபத்தில் போய்விட்டார். குழந்தை இல்லை. அக்கா ஒரு பெட்டியோடு நசரத்பேட்டைக்குத் திரும்பி வந்தார். "வயசு கீது, இன்னொரு இடம் பாக்கலாம்" என்று பாதிப் பேரும், "பேசாம ஊட்ல குந்திகினு இருக்கட்டும்" என்று மீதிப் பேரும் சொன்னீர்கள். அக்கா இரண்டையும் செய்யவில்லை. வீட்டின் முன்னறைக்கு ஷட்டர் போட்டு லேப் திறந்தார்.

ஏன் திறந்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்கிறேன். "டாக்டருக்கு கமிஷன் குடுக்கறாங்கடா. சீட்டு எழுதறவருக்குப் பாதி போவுது. அதையும் சேத்து யாரு தலைல கட்டறாங்க? ஊசி குத்திக்கறவ தலைலதான்." அக்காவின் லேபில் கமிஷன் கிடையாது. அதனாலேயே பல ஆண்டுகள் ஒரு டாக்டர்கூட அங்கே ஆள் அனுப்பவில்லை. விலை உயர்ந்த இயந்திரத்தைத் தனியாக வாங்க முடியாது என்பதால், திருவேற்காட்டிலும் ஆவடியிலும் இருந்த இரண்டு சிறிய லேப்காரர்களைப் பேசிச் சம்மதிக்க வைத்து, மூவரும் ஒரே இயந்திரத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். நெடுஞ்சாலையோரக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ரத்தம் கொடுக்க முடியாது. அவர்களுக்காக, கம்பெனி பஸ் வருவதற்கு முன்பே, விடிந்தும் விடியாமலும் ஷட்டரைத் தூக்கிவிடுவார். முடிவைச் சாயங்காலம் பஸ் திரும்பிய பிறகுதான் கொடுப்பார். வெளியில் ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கு வாங்குவார், கட்டாயம் வாங்குவார். "இனாமா குடுத்தா, சரியாத்தான் பாத்தாளான்னு அவங்களுக்கே சந்தேகம் வந்துடும்" என்பது அவர் கட்சி. காசநோய் போன்றது தெரிந்தால் பூந்தமல்லி அரசு மருத்துவமனைக்குத் தானே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவார். மாத்திரை அங்கே இலவசம். ஆனால் அதுவரை அழைத்துப் போக ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இனிப் பொட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

லேப் தொடங்கிய புதிதில் ஒரு பெண் வந்து, பெயர் சொல்ல மறுத்துவிட்டார். "பேரு எதுக்குக்கா? நோட்ல எழுதிக்கினா நாளைக்கு யாராச்சும் படிப்பாங்க" என்றவர், நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அக்காவின் காகிதத்தில் ஒட்டினார். "சாயந்திரம் இதே மாதிரி பொட்டு வெச்சிகினு வரேன். நான்தான்னு தெரிஞ்சிக்கோ." அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து பெண்களுக்கு அதுவே முறை. ஒரு சின்ன அட்டை, அதன் இரு பாதியிலும் ஒரே மாதிரிப் பொட்டை அந்தப் பெண்ணே ஒட்டுவார். கிழித்து ஒரு பாதி லேபில், மறு பாதி அவர் கையில். இரண்டும் பொருந்தினால் முடிவு கைக்கு வரும், பொருந்தாவிட்டால் கலெக்டரே வந்தாலும் கிடையாது. புருஷன் பர்ஸைத் துழாவினாலும் பொட்டு அட்டைதானே இருக்கும், பொம்பளை பர்ஸில் பொட்டு அட்டை இருந்தால் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? ஆண்கள் எல்லாம் பெயரையும் அப்பா பெயரையும் உரக்கச் சொல்லிவிட்டே ரத்தம் கொடுத்தார்கள். அவர்களை வீட்டை விட்டுத் துரத்த யார் இருக்கிறார்கள்!

பொட்டு கொண்டுவர மறந்த பெண்களுக்காக, அக்கா திருவேற்காடு கோயில் கடைத்தெருவில் அட்டை அட்டையாகப் பொட்டு வாங்கி வைத்தார். அதை நம் உறவில் ஒருவர் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று நம் வீடுகள் அத்தனையிலும் அதே பேச்சு. "தாலி அறுத்தவளுக்கு எதுக்குப் பொட்டு? யாருக்காக வெச்சிக்கப் போறா?" விசாரித்து வரச் சொல்லி என்னை அனுப்பினீர்கள். நானும் போனேன். இருபத்தைந்து வயது, படித்தவன், கேட்டேன்: "எதுக்குக்கா இவ்ளோ பொட்டு?"

அக்கா பொட்டு அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "அழகா கீதேன்னு வாங்கினேன்டா" என்றார். அவ்வளவுதான். காரணத்தை என்னிடம் சொன்னால் மறுநாள் உங்களுக்குத் தெரியும், அடுத்த நாள் ஊருக்கே தெரியும், அதன் பிறகு எந்தப் பொட்டு அட்டைக்கும் மதிப்பில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்தது. யாரோ சில பெண்களின் ரகசியத்துக்காகத் தன் பெயர் கெடட்டும் என்று விட்டுவிட்டார். நல்லது கெட்டதுக்கு அவரைக் கூப்பிடுவது குறைந்தது. என் திருமணத்திலேயே அக்காவைப் பின்வரிசையில் உட்கார வைத்தோம். இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று வெட்கப்படவில்லை.

உண்மைக் காரணம் எனக்குத் தெரிய வந்தது, நான் அந்த லேபைத் திருத்தப் புறப்பட்டபோதுதான். நான் மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறவன். ஓர் அறக்கட்டளை, பதிவுகள் எல்லாம் கணினியில் ஒழுங்காக இருந்தால் ஆவடியில் இரண்டாவது லேப் திறக்க உதவுவதாகச் சொன்னது. அக்கா பொட்டு முறையை விளக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. "பொட்டு வெச்சி லேப் நடத்தறோம்னு வெளிய சொல்ல முடியுமாக்கா?" என்றேன். இரண்டு வாரம் உட்கார்ந்து நானே ஒரு செயலி எழுதினேன்.

"உன் சாஃப்ட்வேரு பேரு கேக்குமா?" என்றார் அக்கா.

"பேரு வேணாம். போன் நம்பர் போதும்."

"அவங்களுக்கு ஏதுடா தனி போனு? ஊட்டுக்காரன் போனுதான்."

"அதெல்லாம் அந்தக் காலம்கா. இப்ப யாருகிட்ட போன் இல்ல?"

அக்கா கையிலிருந்த அட்டையை மேசை மேல் வைத்தார். பிறகு, "ஆசையா செஞ்சிட்ட. சரி, வெய்யி" என்றார். அவர் செயலியை நம்பி ஒப்புக்கொள்ளவில்லை, தம்பி முகம் வாடக்கூடாது என்று ஒப்புக்கொண்டார். இதை நான் புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆயிற்று.

முடிவு வந்ததும் செய்தி தானாகவே போகும்படி செய்திருந்தேன். 'முடிவு தயார்' என்று மட்டும் எழுதியிருக்கலாம். எதன் முடிவு என்று தெரியாமல் குழம்புவார்களே என்று பரிசோதனையின் பெயரையும் சேர்த்தேன். உபகாரம் செய்வதாக நினைத்தேன். அந்த ஒரு சொல்தான் நான் செய்த குற்றம்.

நெடுஞ்சாலைக் கம்பெனி ஒன்றில் தையல் வேலை செய்த ஒரு பெண், இருமல் நிற்கவில்லை என்று சளிப் பரிசோதனைக்கு வந்தார். ஏற்கெனவே அக்காவிடம் வந்து பழகியவர். அவருடைய அட்டையில் எப்போதும் இரண்டு பொட்டு இருக்கும். பச்சையில் நீளமாக ஒன்று, அதன் கீழே கறுப்பில் கடுகளவு ஒன்று. "பச்சை எனக்கு, கறுப்பு எம் பொண்ணுக்கு" என்பாராம். அன்றும் பழக்கத்தில் அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். கணினி எண் கேட்டதால் கணவரின் எண்ணையும் சொன்னார். மறுநாள் மதியம் 'தங்கள் காசநோய்ப் பரிசோதனை முடிவு தயார்' என்று செய்தி போனது. இரவு வேலை முடிந்து வந்த கணவர் தூங்கிக்கொண்டிருந்தார், போன் மாமியார் கையில் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் அவரோடு வேலை செய்கிற இன்னொரு பெண் வந்து சொன்னார். "அவ மாமியாரு தட்டு டம்ளரெல்லாம் தூக்கித் தெருவுல போட்டுச்சாம்கா. நோய எடுத்துகினு உங்க அம்மா ஊட்டுக்கே போன்னு தொரத்திட்டாங்க. பொண்ண மட்டும் குடுக்கலியாம்." அம்மா வீடு எங்கே என்று கேட்டதற்கு, செய்யாறு பக்கம் என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

முடிவில் நோய் இருப்பது உறுதியாகி இருந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும், சாப்பிடாவிட்டால் ஆள் பிழைப்பதே கஷ்டம். "ரிசல்ட்டு வாங்காமலே போயிட்டாடா" என்றார் அக்கா. என்னைத் திட்டவில்லை. நான் அந்த எண்ணுக்குப் போன் செய்து விசாரிக்கலாம் என்று எடுத்தேன். "திரும்பியும் அந்த நம்பருக்கா?" என்று கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் குரலில் கோபத்தை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா செய்யாறு பஸ் ஏறினார். கூட வேலை செய்தவரிடம் பெயரைக் கேட்டு வாங்க அவருக்கு மனம் வரவில்லை, ஊரும் தெரியாது. அங்கே உள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமாகப் போய், இன்ன மாதிரி ஒரு பெண் மாத்திரை வாங்க வருகிறாரா என்று கேட்பார். நோயாளி விவரத்தைச் சொல்ல மாட்டோம் என்று நர்ஸ்கள் மறுத்துவிடுவார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்து, "சொல்லல பாரு, அவதான்டா நர்சு" என்று அவர்களைப் பாராட்டுவார். அந்தப் பாதி அட்டையை மட்டும் மேசை மேல் இருந்த மரப்பெட்டியில் முதலாவதாக வைத்திருந்தார். நான் போகும்போதெல்லாம் அந்தப் பச்சையும் கறுப்பும் கண்ணில் படும்.

செயலியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழையபடி அட்டைக்கு வந்தோம். பெண்கள் வரவில்லை. நன்றாக விடிந்த பிறகும் பெஞ்சு காலியாகவே கிடக்கும். ஒருவர், இருவர் என்று அவர்கள் திரும்பி வர இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஆவடியில் திறக்க வேண்டிய லேப் பேச்சோடு நின்றது. நான் அக்காவிடம் ஒரு முறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ரத்த மாதிரிகளை வைக்கப் புது ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்தேன். "ஃப்ரிட்ஜு நல்லாத்தான் கீது" என்றார் அக்கா. கேட்டிருந்தால் ஒரு நொடியில் மன்னித்திருப்பார், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் தவறு என்னுடையது என்று ஆகிவிடும். அவ்வளவு கர்வம் எனக்கு.

சென்ற ஆண்டு ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. லேபில் அவருக்கு உதவியாக இருந்த சாந்தி அப்படியே ஆட்டோவில் போட்டுக் கொண்டு ஓடினார். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். நினைவு வந்தபோது, "சாயந்திரம் ரிசல்ட்டு யாரு குடுக்கறா? அட்டைய பாத்துதானே குடுக்கறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அன்று நடந்தது நினைவிருக்கும். சங்கங்களும் கம்பெனிகளும் பெயர் எழுதிய மாலைகளைக் கொண்டுவந்தன. லேபுக்கு வந்த பெண்கள் மாலை கொண்டுவரவில்லை. வரிசையாக வந்தார்கள், ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மேல் ஆளுக்கு ஒரு பொட்டை ஒட்டினார்கள், பெயர் சொல்லாமல் போனார்கள். சிவப்பு, நீலம், மெரூன், கல் வைத்தது என்று அக்காவின் முகத்துக்கு மேலே கண்ணாடி நிறைந்துவிட்டது. நம்மில் பெரியவர் ஒருவர் கத்தினார். இந்த மலரை அவரும் படிப்பார் என்பதால் பெயர் வேண்டாம். "தாலி அறுத்தவ பொட்டி மேல இன்னாடா இது பொட்டு? அசிங்கமா கீது! எல்லாத்தையும் எடுறா!"

எனக்கு ஒவ்வொரு பொட்டின் அர்த்தமும் தெரியும். அந்தக் கூட்டத்தில் தெரிந்த உறவினன் நான் ஒருவன்தான். அப்படியிருந்தும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். அத்தனை பேர் முன்னால் பெரியவரிடம் சண்டை வேண்டாம் என்று எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்த பிறகு கையை விரித்தேன். கசங்கிய பொட்டுகளுக்கு நடுவே பச்சையில் நீளமாக ஒன்றும், கறுப்பில் கடுகளவு ஒன்றும் உள்ளங்கையில் ஒட்டியிருந்தன.

"சாந்தி, இது யாரு வெச்சது?" என்று அலறினேன்.

சாந்தி அழுதுகொண்டே சொன்னார். "கடைசியா வந்தாங்கண்ணா. ஸ்கூல் யூனிபார்ம் போட்ட ஒரு பொண்ணும் கூட வந்துச்சு. வெச்சிட்டு கேட்டாண்ட நின்னாங்க. நீங்க எடுக்கறத பாத்துகினே நின்னாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு கையப் புடிச்சி இட்டுகினு போயிட்டாங்க."

செருப்பில்லாமல் சாலைக்கு ஓடினேன். பூந்தமல்லிப் பக்கம் ஷேர் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. எதில் என்று தெரியவில்லை.

அந்தப் பெண் உயிரோடு இருக்கிறார். மகள் அவரிடம் திரும்பி வந்துவிட்டாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அக்கா தேடி அலைந்த செய்தி அக்காவின் வாசலுக்கே வந்தது. ஒரே ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் அக்கா அதைக் கேட்டுவிட்டுப் போயிருப்பார். வந்தவரையும் நான் இரண்டாவது முறையாக விரட்டினேன். முதல் முறை தெரியாமல் செய்தேன், இந்த முறை தெரிந்தே செய்தேன். பெட்டியைத் திறக்கச் சொல்லி, கையில் இருந்த மற்றப் பொட்டுகளை எல்லாம் அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடினேன். பெரியவர் ஏதோ சொன்னார், என் காதில் விழவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இயந்திரத்தில் அக்காவின் பங்கை இன்றுவரை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கும் இரண்டு லேப்காரர்களுக்கும், அன்று காலை ஆட்டோ ஓட்டிய பக்கத்துத் தெரு அண்ணாத்தேவுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டுக்குச் சமைத்துப் போட்ட எதிர் அடுக்குமாடிப் பெண்களுக்கும், அரசு மருத்துவமனை நர்ஸ்களுக்கும், இன்றும் விடிவதற்கு முன்பே ஷட்டரைத் தூக்கும் சாந்திக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உறவினர்களே, அக்காவுக்கு எதற்குப் பொட்டு என்று கேட்டீர்களே, பதில் இப்போது உங்களுக்குத் தெரியும். லேபில் இப்போது பொட்டுக்குப் பதில் வேறு அடையாளம் வந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதற்கு மேல் யாருக்கும் சொல்லாதீர்கள்.

கடைசி நன்றி, கடைசியாக வந்த அந்தத் தாய்க்கு. இந்த மலரின் ஒரு பிரதியை லேப் பெஞ்சின் மேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா, உங்கள் பாதி அட்டை மரப்பெட்டியில் அதே இடத்தில் இருக்கிறது. என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த இரண்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பொருந்திவிட்டன. பொருந்தினால் கொடுத்தாக வேண்டும் என்பது அக்காவின் முறை. அந்தப் பழைய முடிவுத் தாள் இனி உங்களுக்கு எதற்கும் உதவாது. அக்காவிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பை உங்களிடம் கேட்க வேண்டும், அதற்காகவாவது ஒரு நாள் சாயங்காலம் வாருங்கள். பெயர் கேட்க மாட்டோம், போன் நம்பரும் கேட்க மாட்டோம்.

பொட்டின் நிறம், நோயின் பெயர், அம்மா வீடு இருக்கும் ஊர் எல்லாவற்றையும் இந்தக் கட்டுரையில் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இதையாவது கற்றுக்கொண்டேன், அக்கா.